சீயோன் தோப்புக்கு என்ன மரம்

ஜூலை 12, 1971

எல்வுட்,

ஈஸ்டர் அன்னிக்கு என் சாப்பாட்டு மேஜையில இருந்து நீ எழுந்து போன பிறகு, நானா உனக்கு எழுதறதில்லன்னுதான் இருந்தேன். மே மாசம் ஓக் மரத்துல ரம்பம் வைக்கிற எங்க ஊர்க்காரங்க எல்லாரும் முட்டாளுங்கன்னு பாஸ்டர் முன்னாடியே சொன்ன. அந்த முட்டாளுங்களுக்குத் தலைவி நான்னும் சொன்ன. மேஜையில ஹாம் கறி ஆறிப்போச்சு. மே மாசம் அம்மா கல்லறைக்குப் பூச்செடி வைக்க வந்தவன் என் வீட்டு வாசலை மிதிக்காமலே போனியாம். அதையும் மனசுல வெச்சிருக்கேன்.

இப்ப எழுதறது எனக்காக இல்ல, தோப்புக்காக. நம்ம சீயோன் சபைத் தோப்புல மூணு சிவப்பு ஓக் உச்சியில இருந்து பழுப்பாகி, ஜூலை மாசத்துல இலை கொட்டுது. ஒரு இலையை உள்ள வெச்சிருக்கேன், பாரு. பாதி பச்சை, பாதி பித்தளை நிறம். அப்பா காலத்துல பேண்டு வாசிப்பாங்களே, அந்த மேடையைச் சுத்தி மொத்தம் முப்பத்தோரு மரம். மூணு போனா இருபத்தெட்டு.

அடுத்த ஆகஸ்டுல நூறாவது பிக்னிக் வருது. அதுக்குள்ள போன இடத்துல அதே சிவப்பு ஓக்கை, சீக்கிரம் வளரற மரமாப் பார்த்து வெச்சுடணும்னு சபைக் குழு சொல்லுது. க்ளேட்டன் மோயர்தான் இப்பக் குழுத் தலைவர், அவர் பேச்சுதான் எடுபடுது. நீ முப்பது வருஷமா மரம் வளர்த்து விக்கிறவன். என்ன மரம் வைக்கலாம்னு ரெண்டு வரி எழுது. என்னைத் திட்டாம எழுத முடிஞ்சா நல்லது.

வெர்னா

—

ஜூலை 16

வெர்னா அக்கா,

திட்டாம எழுத முடியாது.

உன் இலையை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். இது ஓக் வாடல் நோய். இருபது வருஷமா உங்க கிட்ட நான் எதுக்குத் தொண்டை கிழியக் கத்தினேன்? ஏப்ரல்ல இருந்து ஜூன் முடியற வரைக்கும் ஓக்ல புதுசா ஒரு காயம் பட்டா, அந்தச் சாறு வாசனைக்கு ஒரு வண்டு வரும். நோயை ஒட்டிக்கிட்டு வரும். சிவப்பு ஓக் ரெண்டே மாசத்துல காலி. தவிர்க்க முடியாம வெட்டினா அந்த நிமிஷமே காயத்துல பெயின்ட் அடிச்சு மூடணும். இது பெரிய வித்தை இல்ல, கல்யாண வீட்டுல கதவுக்குப் பெயின்ட் அடிக்கிறவனும் செய்வான்.

உங்களுக்கோ மே மாசம் ஒரு சனிக்கிழமை வந்தாப் போதும், தோப்பு சுத்தம் பண்றோம்னு ஊர்ல இருக்கிற ரம்பம் எல்லாம் வெளிய வந்துடும். தாழ்ந்த கிளை தொப்பியைத் தட்டுதாம். தட்டட்டுமே. அந்தச் சனிக்கிழமைக்கு இருபத்தாறு வருஷமாப் பொறுப்பு யாரு? நீ. இந்த மூணு மரத்தையும் கொன்னது யாருன்னு நான் வேற சொல்லணுமா?

இப்பக் கேளு. செத்த மரத்தை முதல்ல வெட்டிடாதீங்க. பக்கத்துப் பக்கத்துல நிக்கிற சிவப்பு ஓக்குக்கு மண்ணுக்குள்ள வேரோட வேர் ஒட்டியிருக்கும், நோய் அது வழியாவே அடுத்த மரத்துக்குப் போகும். நோய் மரத்தையும் நல்ல மரத்தையும் பிரிச்சு, ஆள் கழுத்தளவு ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி வேரை அறுக்கணும். உடனே. தள்ளிப்போட்டா அடுத்த வருஷம் பிக்னிக்குக்குக் குடை எடுத்துட்டுப் போங்க.

என்ன மரம்னு கேட்ட. சிவப்பு ஓக் மட்டும் மறுபடி வேண்டாம். ஒரே சாதி மரத்தை வரிசையா வெச்சு அழகு பார்த்ததுதான் உங்க தோப்போட வினையே. கலந்து வைக்கணும். விவரம் அப்புறம் எழுதறேன்.

எல்வுட்

—

ஜூலை 21

எல்வுட்,

உன் கடிதத்தை வாசிச்சு முடிச்சதும் அடுப்படியில போய்ப் பாத்திரம் எல்லாம் தேய்ச்சு வெச்சேன். அப்புறம் திரும்ப வந்து வாசிச்சேன். இப்ப நீ கேளு.

ஈஸ்டர்ல நீ கத்தினது எனக்கு உறைச்சது. வெளிய ஒத்துக்கல, ஆனா உறைச்சது. அதனால இந்த மே மாசம் தோப்பு வாசல்ல நானே நின்னேன். ரம்பம் கொண்டு வந்தவங்களை எல்லாம் வண்டியிலயே வெச்சுட்டு வரச் சொன்னேன். இலை வாரற வாரியல், பெஞ்சுக்குப் பெயின்ட், அவ்வளவுதான். க்ளேட்டன் மோயர் அருவாளைத் தூக்கிட்டு வந்தார், அவரையும் திருப்பி அனுப்பினேன். "தம்பி சொன்னா வேதவாக்கோ?"ன்னு நக்கல் பண்ணார். ஆமான்னு சொன்னேன். உனக்காக நான் வாங்கின பேச்சு அது.

இப்பக் குழு என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேள்வி கேக்குது. வாடல் நோய்னு உன் கடிதத்தை நான்தான் போய் வாசிச்சுக் காட்டினேன், புத்தி கெட்டவ. "மே மாசம் வெட்டினா வரும்னு உங்க தம்பியே எழுதியிருக்கார். மே மாசம் பொறுப்பு நீங்கதானே?"ன்னு க்ளேட்டன் மடக்கிட்டார். வெட்டவே விடலன்னு சொன்னேன். அப்ப இது என்னன்னு எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். கல்லறை கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிற மரம், முதல்ல வாடினது அதுதான். வண்டிப் பாதைப் பக்கம், ஆள் கைக்கு எட்டாத உயரத்துல ஒரு கிளையை ரம்பத்தால வெட்டியிருக்கு. புது வெட்டு. எனக்குத் தெரியாம எவனோ பண்ணியிருக்கான்.

கூட்டத்துல நடக்கறதை எழுதி வைக்கிற மினிட் புத்தகத்துல என்ன எழுதினாங்க தெரியுமா? "திருமதி வெர்னா ட்ரெக்ஸ்லரின் கவனக்குறைவால் மரங்கள் நோயுற்றன." செயலாளர் எழுதி, வாசிச்சு, எல்லாரும் கை தூக்கினாங்க. நூறு வருஷப் புத்தகம் அது. அப்பா பேர் அதுல சபைக்கு மணி வாங்கிக் கொடுத்தவர்னு இருக்கு. என் பேர் இப்படி இருக்கு.

எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. குழுவுக்கு ஒரு கடிதம் எழுது. நான் உன் பேச்சைக் கேட்டவதான்னும், பள்ளம் உடனே வெட்டணும்னும் எழுது. உன் வார்த்தைன்னா மதிப்பாங்க.

வெர்னா

—

ஆகஸ்ட் 3

வெர்னா அக்கா,

கடிதம் கிடைச்சது. இங்க நர்சரியில வேலை ஜாஸ்தி, மழையே இல்ல, தண்ணி ஊத்தியே பொழுது போகுது.

மரம் பத்திக் கேட்டியே. வெள்ளை ஓக் வைக்கலாம். இந்த நோய்க்குச் சீக்கிரம் சாயாது. மெதுவா வளரும், அது ஒண்ணுதான் குறை. என்கிட்ட ஒம்பது வயசுக் கன்னு இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒருக்கா இடம் மாத்தி வேரைச் சுருக்கி வளர்த்தது, அதனால பிடுங்கி நட்டாலும் தாங்கும். பீச் மரம், பழப் பீச் இல்ல, காட்டுப் பீச், நாலு வைக்கலாம். இலையுதிர் காலத்துல தாமிர நிறம், குளிர்காலத்துலயும் காய்ஞ்ச இலையை விடாமப் பிடிச்சிருக்கும், தோப்பு மொட்டையா இருக்காது. மேடையைச் சுத்தி வைங்க, நிழல் அடர்த்தியா விழும். செஸ்நட்டுல நம்ம தாத்தா காலத்து அமெரிக்க மரம் எல்லாம் நோயில போயிடுச்சு. சீனச் செஸ்நட் இருக்கு. கொட்டையைப் பிள்ளைங்க பொறுக்கித் தின்னும். ஊஞ்சல் பக்கம் வைக்கலாம்.

குழுவுக்கு எழுதறது பத்தி யோசிக்கிறேன். நோய் எப்படி வந்துச்சுன்னு இப்பத் தோண்டறதுல என்ன லாபம்? வந்தது வந்தாச்சு. காத்துல கிளை முறிஞ்சாலும் வரும். க்ளேட்டன் அப்படித்தான் ஆளு, பேசிட்டு அடங்கிடுவார். நீ மனசுல போட்டுக்காதே.

எல்வுட்

—

ஆகஸ்ட் 16

எல்வுட்,

உன் மூணாந்தேதிக் கடிதம் யாருக்கு எழுதினது? காசு கொடுத்து மரம் வாங்க வந்தவனுக்கு எழுதின மாதிரி இருக்கு. இருபது வருஷமா ஒரு மே மாச வெட்டுக்கு ஊரைக் கூட்டினவன், இப்ப எப்படி வந்தா என்னன்னு கேக்கற. ஜூலையில நான்தான் கொலைகாரின்னு எழுதினவனுக்கு ஆகஸ்டுல காத்து ஞாபகம் வந்துடுச்சா?

சனிக்கிழமை பிக்னிக் நடந்தது. வெல்லப்பாகு ஊத்திச் சுட்ட என் ஷூஃப்ளை பை ரெண்டும் வெட்டாமலே திரும்பி வந்தது. இருபது வருஷமா முதல்ல காலியாகறது என் தட்டுதான். கோழிச் சோளச் சூப் அண்டாக்கிட்ட நான் கரண்டியைத் தொட்டதும், க்ளேட்டன் பொண்டாட்டி மெதுவா வாங்கிக்கிட்டா. "நீ உக்காரு வெர்னா, உனக்கு இந்த வருஷம் போதும்"னா. குரல்ல தேன் ஒழுகுது. தோப்புப் பொறுப்பை அவ புருஷன் அன்னிக்குக் காலையிலதான் என்கிட்ட இருந்து எடுத்தார்.

பள்ளம் வெட்ட மாட்டாங்களாம். பிக்னிக் மைதானத்தை நூறாவது வருஷத்துக்கு முன்னாடி கிழிச்சுப் போடக் கூடாதாம். நாலாவது மரமும் வாட ஆரம்பிச்சுடுச்சு. அதனால திங்கக்கிழமை, அதாவது இன்னிக்குக் காலையில, பால் பண்ணை எர்லைக் கூட்டிட்டு வந்து பள்ளத்தை நானே வெட்ட வெச்சேன். அவன் மெஷின் சத்தம் கேட்டுப் பாஸ்டர் ஓடி வந்தார். நான் பள்ளத்துக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். அறுபத்திரண்டு வயசுப் பொம்பளையை இழுத்துப் போட எவனுக்கும் தைரியம் வரல. கழுத்தளவு ஆழம், நீ சொன்ன கணக்குதான். அறுபட்ட வேர் ஒவ்வொண்ணும் என் மணிக்கட்டுத் தடிமன்.

எர்ல் வேலை முடிச்சுட்டு அந்தக் கேட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தான். "அத்தை, இது ஊர்க்காரன் வெட்டு இல்ல. நம்மாளுங்க வெட்டினா கிளைக்குச் சட்டை கிழிஞ்ச மாதிரி பட்டை தொங்கும். இது கடைக்காரன் கத்தரிச்ச துணி மாதிரி இருக்கு"ன்னான்.

உன்கிட்ட நேரா கேக்கறேன். மே மாசம் அம்மா கல்லறைக்கு வந்தப்ப வண்டியை எந்த வழியா விட்ட?

வெர்னா

—

செப்டம்பர் 1

வெர்னா அக்கா,

கல்லறை கேட்டு வழியாத்தான் விட்டேன்.

சபைக் கதவுக்கு ரெண்டு பக்கமும் வைக்க ரெண்டு உயரமான செடியைப் பாஸ்டர் கேட்டிருந்தார். அதை நிமிர்த்தி ஏத்திட்டு வந்தேன். அந்த மரத்தோட கிளையில மாட்டி, கிளை பாதி முறிஞ்சு தொங்கிச்சு. அப்படியே விட்டுட்டுப் போக என் கையால முடியல அக்கா. முப்பது வருஷமாப் பழகின கை. வண்டி மேல ஏறி நின்னு ஒரு பிசிறு இல்லாம வெட்டினேன். இறங்கி நின்னு பார்த்து, நல்லா வந்திருக்குன்னு நெனைச்சது கூட ஞாபகம் இருக்கு. பெயின்ட் டப்பா சீட்டுக்கு அடியிலதான் இருந்தது. நீ ஞாயிறு பள்ளி முடிஞ்சு வந்துடுவ, உன் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு அவசரம். எடுத்துப் பூசல. தேதி மே ஒம்பது.

உன் ஜூலைக் கடிதத்துல கல்லறை கேட்டு மரம், வண்டிப் பாதைப் பக்கம்னு வாசிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பொய் சொல்ல விரும்பல. இந்த மாவட்டத்துல பாதிப் பேர் என் பேச்சை நம்பித்தான் மரம் வாங்கறாங்க. மே மாசம் வெட்டாதேன்னு போன குளிர்காலம் கூட விவசாயக் கூட்டத்துல பேசிக் கைதட்டல் வாங்கினேன். அந்த வாயால எப்படி இதைச் சொல்றதுன்னு நாளைக் கடத்திட்டேன். தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல. இதை எழுதறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும்.

இதோட குழுவுக்கு ஒரு கடிதம் இருக்கு. நடந்ததை மறைக்காம எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். புது மரம் எல்லாம் என் செலவு, நட்டுத் தர்றதும் என் பொறுப்புன்னு எழுதியிருக்கேன். அடுத்த கூட்டத்துல நீயே எழுந்து வாசி. மூணு நாளா எழுதி இப்பத்தான் மனசு லேசாச்சு.

எல்வுட்

—

செப்டம்பர் 19

எல்வுட்,

வாசிச்சேன். நின்னுட்டு, கண்ணாடியைத் துடைச்சுட்டு, நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன்.

முடிஞ்சதும் என்ன ஆச்சு தெரியுமா? கை தட்டினாங்க. க்ளேட்டன் மோயர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைச்சார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையான மனுஷனா"ன்னார். பாஸ்டர் உனக்காக ஜெபம் பண்ணார். உனக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டு, செயலாளர் முழுப் பக்கம் எழுதினார். புதுத் தோப்பு வாசல்ல "எல்வுட் ரீன்ஹோல்ட் அன்பளிப்பு"ன்னு பலகை வைக்கப் போறாங்க. மரத்தைக் கொன்னவனுக்குப் பலகை. அப்புறம் க்ளேட்டன் என் பக்கம் திரும்பினார். நான் ஏதோ வரப்போகுதுன்னு நிமிர்ந்து உக்காந்தேன். "வெர்னா, காபி இருக்கா?"ன்னார்.

ரெண்டு மாசம் என்னைப் படுத்தின பாடு. ஒருத்தன், ஒரே ஒருத்தன், தப்பா நெனைச்சுட்டோம் வெர்னான்னு சொல்லல. அந்த வரியை அடிங்கன்னு நான் கேட்டேன். பழைய மினிட்டை மாத்தற வழக்கம் இல்லையாம். முந்தின பக்கத்துல நான் கவனம் கெட்டவ, அடுத்த பக்கத்துல நீ மகான்.

அவங்களை விடு, அந்நியர். வீட்டுக்கு வந்து நீ எனக்கு எழுதின கடிதத்தை எடுத்து மறுபடி வாசிச்சேன். உனக்குத் தூக்கம் இல்லை, இருக்கு. சாப்பாடு இறங்கல, இருக்கு. மனசு லேசாச்சு, அதுவும் இருக்கு. என்கிட்ட மன்னிப்புன்னு ஒரு சொல் எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பார்த்தேன். நீயும் எடுத்துப் பாரு, நகல் வெச்சிருந்தா.

கிளையை வெட்டினது கை பண்ணின தப்பு. அதுக்கு நான் கோவப்படல, நிஜமாவே இல்ல. அஞ்சு வாரம் தெரிஞ்சும் வாயை மூடிட்டு, என் தட்டு திரும்பி வர்றதை நான் எழுத எழுத வாசிச்சுட்டு இருந்தியே, அது எந்தக் கை பண்ணின தப்பு?

மரம் விஷயம். நீ போட்ட பட்டியலைக் கிழிச்சுட்டேன். தோப்பை நீ விக்கிறவன் கண்ணால பார்க்கற, நான் உக்காந்து எழுந்தவ. மேடையைச் சுத்தி பீச் மரம் வைக்கச் சொல்ற. வருஷத்துக்கு ரெண்டாயிரம் பேர் மிதிச்சு அங்க மண்ணு ரோடு மாதிரி இறுகிக் கிடக்கு, பீச் வேர் மேலாப்புல போறது, மூச்சு முட்டிச் செத்துடும். பிழைச்சாலும் அந்த வழவழப் பட்டையில ஊர்ப் பசங்க எல்லாம் காதலி பேரைச் செதுக்குவானுங்க. பீச் ரெண்டு போதும், கல்லறைச் சுவர் ஓரமா, யாரும் நடக்காத இடத்துல. செஸ்நட்டை ஊஞ்சல் பக்கம் வைக்கவாம். முள்ளுக் காய் உதிர்ந்து கிடக்கற இடத்துல வெறுங்காலோட பிள்ளைங்க குதிக்கணுமா? ரெண்டு செஸ்நட் கொண்டு வா, ஒண்ணு தனியா நின்னா காய் பிடிக்காதுன்னு எனக்கும் தெரியும். வடக்கு வேலியில, நோய் மரம் நின்ன இடத்துக்கு ரொம்பத் தள்ளி வை, அந்த வாடல் செஸ்நட்டையும் பிடிக்கும்னு எர்ல் எங்கயோ கேட்டிருக்கான். மேடைக்கு வெள்ளை ஓக் ஆறு. நிழல் விழ நாப்பது வருஷம் ஆகும், நான் இருக்க மாட்டேன், பரவாயில்ல. பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிக்கிற இருபத்தேழும் இன்னிக்கு வரைக்கும் பச்சையா இருக்கு.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நடலாம்னு குழு சொல்லுது. ஊரே வருமாம், உன்னைப் பார்க்க.

வெர்னா

—

அக்டோபர் 4

அக்கா,

நகல் வெச்சிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல் இல்ல.

என்னை மன்னிச்சுடு. மரத்துக்காக இல்ல, அந்த அஞ்சு வாரத்துக்காக. உன்னைப் பலி கொடுத்து என் பேரைக் காப்பாத்திக்கிட்டேன். வேற எந்த விதமா எழுதினாலும் அது பொய்.

வெள்ளை ஓக் ஆறு, பீச் ரெண்டு, செஸ்நட் ரெண்டு. நீ சொன்னதுதான் சரி. மண்ணு இறுகினதை நான் யோசிக்கல.

க்ளேட்டன் மோயருக்கு நேத்து எழுதிட்டேன். பலகை வெச்சா நானே பிடுங்குவேன்னு எழுதினேன். நடற அன்னிக்கு மரத்தை ஏத்திட்டு வந்து தோப்பு வாசல்ல வண்டியை நிறுத்துவேன். வேருக்குச் சாக்கு கட்டியிருக்கும், வெயில்ல ரொம்ப நேரம் தாங்காது, அது அவருக்கும் தெரியும். செயலாளர் மினிட் புத்தகத்தைக் கொண்டு வரணும். ஊர் முன்னாடி அந்த வரியை அடிச்சு, பக்கத்துல என் பேரை எழுதி, உரக்க வாசிக்கணும். வாசிச்சுட்டு ஒவ்வொருத்தரும் உன்கிட்ட வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லணும், க்ளேட்டன் முதல்ல. அது வரைக்கும் ஒரு மரமும் கீழ இறங்காது. வழக்கம் இல்லைன்னா, மரம் எல்லாம் வண்டியிலயே காயட்டும்.

அவங்களுக்கு முன்னாடி நான் வந்து சொல்றேன். அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு உன் வீட்டு வாசல்ல நிப்பேன். கதவைத் திறக்கிறதும் திறக்காததும் உன் இஷ்டம்.

எல்வுட்